தலகாணி எங்க?

அந்தத் தையல் மிஷினை உடைத்தது நீங்கள்தான். பேக்கிங் செய்த பெண் இல்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் கையால் பெட்டியைப் பிரித்தீர்கள். எடுக்கக் கூடாததை எடுத்தீர்கள். வைக்கக் கூடாததை வைத்தீர்கள். திரும்ப ஒட்டி அனுப்பினீர்கள். கனடாவில் உங்கள் தங்கை திறந்தபோது உங்கள் அம்மாவின் மிஷின் இரண்டு துண்டாகக் கிடந்தது. பழியை மட்டும் சிம்மக்கல்லில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும். பேக்கிங் செய்த அந்த அக்காவின் பெயரையும் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள், படத்தோடு, ஊர் உலகம் பார்க்கிற இடத்தில். இன்னொரு தடவை அந்தப் பெயர் அடிபட வேண்டாம்.

ஒரு காலைப்பொழுது முழுக்க அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஆனால் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் அவள் யார் என்று முதலில் சொல்கிறேன்.

சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைகள் முடிந்து சந்து வளைகிற இடத்தில், பழைய தையல் மிஷின் வாங்கி விற்கிற கடை இருக்கிறது. அதற்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில், என் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடையும் பிளவுஸும் தைக்கிறேன். மிஷின் கடைக்காரர் பழைய கறுப்பு மிஷின்களை வாங்கித் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட வைத்து விற்பார். இப்போது அவற்றை வாங்குகிறவர்கள் பாதிப்பேர் வெளிநாட்டில்தான். கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார்களாம். சிலர் பாட்டி வைத்திருந்த மிஷின் மாதிரியே வேண்டும் என்று தேடி வாங்குவார்கள். அந்த மிஷின்கள் உடையாமல் போய்ச் சேரும்படி பெட்டிக்குள் வைத்துக் கட்டுவது அக்காவின் வேலை.

அவள் நல்லவள் வல்லவள் என்று மாலை போட நான் வரவில்லை. வாய் மோசம். யாரையும் உட்கார வைத்துப் பேச மாட்டாள். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுப்பாள். எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே ஏதாவது உருண்டால் அவளுக்குப் பொறுக்காது. ஒருமுறை என் வாடிக்கையாளருக்குக் கட்டி வைத்திருந்த பட்டு பிளவுஸ் பொட்டலத்தை, நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பிரித்து, வேறு மாதிரி மடித்துக் கட்டி வைத்துவிட்டாள். நான் கத்தினேன்.

"உள்ள கெடந்து ஆடுது. கசங்கிப் போகும். அதக் கேக்காம என்னையக் கத்துற" என்றாள்.

"என் கடைல வந்து நீங்க எப்படிக்கா தொடலாம்?"

"ஆட்டம் இருந்துச்சு, தொட்டேன்."

அவ்வளவுதான் விளக்கம். அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. அவளுக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு இட்லி கொண்டுவருவாள். டப்பாவுக்கும் இட்லிக்கும் நடுவே இடம் இருந்தால் வாழையிலைத் துண்டைச் சுருட்டி அதில் அடைத்திருப்பாள்.

"ஏங்க்கா, இட்லி என்ன கண்ணாடியா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல குலுங்குதுல்ல. ஒடஞ்ச இட்லியத் திங்குறதுக்கு நான் என்ன காய்ச்சக்காரியா?"

காலி இடம் என்றால் அவளுக்கு ஆகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால், ஏறுகிறவர்களை அவளே கூப்பிடுவாள். "வாங்க, இங்கிட்டு உக்காருங்க. எடம் கெடக்கு." ஊர் பேர் தெரியாதவர்களை. அவர்கள் உட்கார்ந்த பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டாள். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

அட்டைப் பெட்டி வாங்க நாங்கள் ஒரு தடவை கப்பலூருக்குச் சேர்ந்து போனோம். அங்கே தொழிற்பேட்டையில் பெட்டி செய்கிறவர்களிடம் நேரடியாக வாங்கினால் அட்டை தடிமனாகக் கிடைக்கும். அக்கா முன்பு அந்தப் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். பஸ் அந்த ஃபேக்டரி கேட்டைத் தாண்டும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். என்னக்கா என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு இன்னும் அங்கதான் வேல பாக்குறாரு. இன்னொருத்திகூட நல்லா இருக்காரு. நேர்ல பாத்தா சிரிக்கணுமா கூடாதான்னு எனக்குத் தெரியல. அதான் திரும்பிக்கிட்டேன்."

கேட் தாண்டியதும் திரும்ப நேராக உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பற்றி அவள் வாயால் நான் கேட்டது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஒரு மழை நாளில் காய்ச்சல் என்று வரவில்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு அவள் இருந்த ஒற்றை அறைக்குப் போனேன். உள்ளே சுவர் தெரியவில்லை. நான்கு பக்கமும் மடித்த அட்டைப் பெட்டிகளைச் சாய்த்து வைத்திருந்தாள். நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் தரை.

"கடைல பத்தாதுன்னு வீட்டுக்குள்ளயும் எதுக்குக்கா இம்புட்டு அட்ட?"

"வெறுஞ்சுவரா இருந்தா சத்தம் திரும்புதுத்தா. நான் இருமுனா நானே எனக்குப் பதில் இருமுற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, டம்ளருக்குள் ஒரு துணியைத் திணித்து, தூக்குச்சட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். கடகடவென்று ஆடக் கூடாதாம்.

இப்போது மிஷினை எப்படிக் கட்டுவாள் என்று சொல்கிறேன். உங்களுக்குத்தான் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

பழைய மிஷினின் உடம்பு வார்ப்பிரும்பு. பார்க்க யானை மாதிரி இருக்கும். தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லாரும் அது தாங்கும் என்று நினைக்கிறார்கள். தாங்காது. வார்ப்பிரும்பு வளையாது. ஒரு அடி விழுந்தால் மண்சட்டி மாதிரி விண்டு போகும். முக்கியமாக ஊசி இருக்கிற பக்கத்துக்கும் சக்கரம் இருக்கிற பக்கத்துக்கும் நடுவே பாலம் மாதிரிப் போகிற கை. அந்தக் கைக்கு அடியில் துணி போவதற்காக ஒரு பெரிய சந்து இருக்கிறது. மிஷின் முழுக்க உயிர் அந்தச் சந்தில் இருக்கிறது என்பாள் அக்கா. அதை அடைக்காமல் அனுப்பினால் கை போய்விடும்.

முதலில் மரமூடியைத் தனியாக எடுத்து வைப்பாள். அதை ஒருபோதும் மிஷின் மேல் போட்டு அனுப்ப மாட்டாள். அண்ணாநகரில் இருந்து வந்த ஒரு அம்மா, மரமூடியோடு பார்க்கத்தான் அழகு, அப்படியே அனுப்புங்கள் என்று அடம்பிடித்தார்.

"அழகு இங்க இருந்து ஏர்போர்ட் வரைக்கும்தான் இருக்கும். ரெண்டு பேரும் சண்டக்காரங்கம்மா. ஒரே ரூம்புல போட்டு அடச்சீங்கன்னா, எறங்குறப்ப ஒண்ணு இன்னொண்ணக் கொன்னுருக்கும்" என்றாள் அக்கா.

"என்னம்மா இப்படிப் பேசுறீங்க?"

"தனித்தனியா அனுப்பட்டுமா, இல்ல நீங்களே மடியில வச்சுக் கொண்டுபோறீகளா?"

அந்த அம்மா கோபித்துக்கொண்டு கடைக்காரரிடம் போனார். கடைக்காரர் கெஞ்சிச் சமாதானம் செய்தார். மரமூடி தனிப் பெட்டியில்தான் போனது.

ஊசியையும் சக்கரத்தைச் சுற்றுகிற கைப்பிடியையும் கடைசி வரைக்கும் கழற்ற மாட்டாள். ஏனென்றால் அந்த மிஷினுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கும். என் கடையில் விழுகிற வெட்டுத்துணிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போவாள். துணியிலேயே ஒரு பை தைத்து, அதற்குள் வெட்டுத்துணிகளை இறுக்கி இறுக்கித் திணித்துத் தலையணை செய்வாள். தெர்மாகோல் நொறுங்கும், காற்று பொதிந்த பிளாஸ்டிக் வழியில் வெடிக்கும், துணி என்ன செய்தாலும் துணியாகவே இருக்கும் என்பாள். பையின் வாயை மட்டும் தைக்காமல் விட்டு வைப்பாள். பிறகு கிளம்பப்போகிற அந்த மிஷினிலேயே வாயை வைத்து ஒரு ஓட்டு ஓட்டுவாள். தன் தலையணையைத் தானே தைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மிஷினும் அந்தக் கடையை விட்டுப் போகும்.

"வெளிய போற புள்ள ஓடுதா ஓடலையான்னு கடைசியா ஒரு தடவ பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு. அது படுக்குறதுக்கு அதுவே தச்ச மாதிரியும் ஆச்சு."

அதன் பிறகுதான் ஊசியை எடுப்பாள். கைப்பிடி, நூல் மாட்டுகிற கம்பி, அடிநூல் சுற்றிய பாபின், அதன் மூடி எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுவாள். ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்து, துணியை அழுத்துகிற பாதத்தை அதன் மேல் இறக்குவாள். தலையணையைக் கைக்கு அடியில் இருக்கும் சந்தில் வைத்து இரண்டு கையாலும் குத்திக் குத்தி ஏற்றுவாள். சுற்றிலும் மற்றத் தலையணைகள். கீழே பலகை. பெட்டிக்குள் பெட்டி. எல்லாம் முடிந்ததும், முடிந்தால் தூக்கி, முடியாவிட்டால் அதன் மேலேயே குனிந்து, காதை வைத்து ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் வரக் கூடாது. அப்புறம்தான் டேப் ஒட்டுவாள்.

இவளைப் பற்றித்தான் நீங்கள் எழுதினீர்கள். எதை எழுதினீர்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் வந்த அன்று எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். மெரூன் நிறத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சீருடைத் துணி என் கடையில் மலை மாதிரிக் கிடந்தது. அந்தப் பள்ளிக்கூடம் அந்த வருடம்தான் சீருடையை மாற்றியிருந்தது. நீங்கள் காரில் உங்கள் அம்மாவின் மிஷினைக் கொண்டுவந்தீர்கள். அம்மா இறந்துவிட்டார்கள், தங்கை கனடாவில் இருக்கிறாள், வீட்டில் இருந்து வேறு எதையும் கேட்கவில்லை, இந்த மிஷின் ஒன்றைத்தான் கேட்கிறாள் என்றீர்கள். அப்போது உங்களைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அக்கா என் சாக்கில் இருந்து மெரூன் கட்டத் துணியை எடுத்துப் பை தைத்தாள். நீங்கள் போனில் இருந்து தலையைத் தூக்கினீர்கள்.

"எதுக்கும்மா இவ்வளவு துணி? குப்பையையா கனடாவுக்கு அனுப்பப் போறீங்க?"

"குப்ப இல்லங்கய்யா. தலகாணி."

"மிஷினுக்குத் தலகாணியா?"

"அதுக்கும் கழுத்து வலிக்கும்ல."

நான் என் கடையில் இருந்து சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் அம்மாவின் மிஷின் மெரூன் கட்டத் தலையணையின் வாயைக் கடகடவென்று தைத்தது. பழைய மிஷினின் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் போனைக் கீழே வைத்தீர்கள். உங்கள் கண் கலங்கியது. அக்கா தலையணையை மடியில் வைத்துக்கொண்டு நூலை அறுக்கும்போது தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு படம் எடுத்தீர்கள். அந்தப் படத்தை மறந்துவிடாதீர்கள்.

வழக்கமாகக் கூரியர்காரர்கள் கடைக்கே வந்து எடுத்துப் போவார்கள். நீங்கள் வீட்டில் இருந்து அனுப்பிக்கொள்கிறேன் என்றீர்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"அவுக தெறந்து பாக்கணும்னா மேல்மூடிய மட்டும் தெறந்து காட்டுங்க. தலகாணியத் தொட விடாதீங்க. நீங்களும் பிரிக்காதீங்க."

"நான் எதுக்கும்மா பிரிக்கப்போறேன்?"

காரில் ஏற்றிய பிறகும் குனிந்து பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நாள் கழித்து நீங்கள் வந்தது வேறு மாதிரி. கடை வாசலிலேயே சத்தம். சந்தில் போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உங்கள் தங்கை அனுப்பிய படத்தைப் போனில் எல்லாருக்கும் காட்டினீர்கள். ஒரு மேசை மேல் மிஷின், அதன் கை விண்டு தனியாக. பெட்டியின் படம் இல்லை. மிஷினின் படம் மட்டும்தான்.

அக்கா போனைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கி, இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தலகாணி எங்க?"

"எந்தத் தலகாணி? உடைச்சதும் இல்லாம பேச்ச மாத்துறியா?"

"சந்துல வச்ச தலகாணி. மெரூன் கட்டம். எங்க?"

"நீ வச்சியோ வைக்கலையோ, யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும் என்று கேட்டீர்கள். உங்களுக்குத் தெரியும். அந்த நிமிடத்தில், அந்த இடத்தில் நின்ற எல்லாரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் என் மிஷினை விட்டு எழுந்து வந்து, "நான் பாத்தேன்யா, அது உள்ள போச்சு, என் கடைத் துணி" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "நான் வைக்கலன்னு நீங்களும் நெனைக்கிறீகளா?" என்று கேட்டாள். கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் தரையைப் பார்த்தார். அந்த நிமிடமே அக்கா அந்தக் கடையை விட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வந்தாள் என்றாலும்.

அன்று சாயங்காலமே நீங்கள் எழுதிவிட்டீர்கள். கடைகளுக்கு ஆட்கள் நட்சத்திரம் போடுகிற இடத்தில் ஒற்றை நட்சத்திரம். அக்காவின் பெயர். நீங்கள் எடுத்த அதே படம். அதன் கீழே: இந்தப் பெண்ணை நம்பாதீர்கள், உள்ளே காலி இடம் விட்டு அனுப்பிவிட்டார், என் அம்மாவின் ஞாபகத்தை உடைத்துவிட்டார்.

காலி இடம் விட்டாளாம். இட்லி டப்பாவில் விடாதவள் உங்கள் அம்மாவின் மிஷினில் விட்டாளாம். வேறு எதையாவது எழுதியிருந்தால் அவள் திட்டிவிட்டுப் போயிருப்பாள். வாய் மோசம், உண்மை என்று நானே சாட்சி சொல்லியிருப்பேன். நான்தான் அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். எதிரே இருந்த என் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வெட்டுத்துணியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

நான் அந்தப் படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். "பாருங்கண்ணே, அக்கா மடியிலயே தலகாணி இருக்கு. அவரு எடுத்த படம்தானே இது."

"மடியில இருந்துச்சு, சரி. பெட்டிக்குள்ள போச்சான்னு கேப்பாங்கம்மா" என்றார். "வெளிநாட்டுக்காரங்க இதப் பாத்துட்டுத்தான் வாங்குவாங்க. ரெண்டு பேரு வேணாம்னுட்டாங்க. அக்கா கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும். எல்லாம் அடங்கட்டும்."

அக்காவிடம் அதைச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. அடுத்த நாள் அவளே வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அறைக்குப் போனேன். பூட்டில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. அட்டைகளை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டுப் போனாள் என்றார்கள் வீட்டுக்காரர்கள். நான் "அக்கா" என்றேன், வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி. அவள் சொன்னது சரிதான். சத்தம் திரும்பியது.

சோழவந்தானில் தூரத்துச் சொந்தம் யாரோ வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பதாக எப்போதோ சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். ஒரு கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து, வெற்றிலைக் கட்டுகளை வாழைச்சருகு வைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடையாளம் சொன்னேன்.

"ஆமா, வந்துச்சு. ஒரு பத்து நா இருந்திருக்கும்" என்றாள் ஒருத்தி. "நாங்க அடுக்குன கூடையப் பூராம் பிரிச்சுத் திரும்ப அடுக்குச்சு. ஆடுதாம்!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"எங்க போச்சு?"

"திருப்பூருப் பக்கம் வேல இருக்குன்னு யாரோ சொன்னாக. சொல்லிட்டெல்லாம் போகல. உங்களுக்கு என்ன வேணும் அவுக?"

என்ன வேணும் என்று சொல்ல எனக்கு ஒரு முறை இல்லை. எதிர்க்கடை என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. வயல்களுக்கு மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறின யாரையும் நான் கூப்பிடவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் மருமகளுக்கு நான்தான் பிளவுஸ் தைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்துக்கு அவசரமாக வேண்டும், வந்து அளவு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். முகவரியைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேட்டுக்கு வந்ததும், நீங்கள் மிஷினைக் கொண்டுவந்த கார் உள்ளே நிற்பதைப் பார்த்து உங்கள் வீடு என்று தெரிந்தது. காவலுக்கு இருக்கும் பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கேட்டைத் திறக்க எழுந்தார். நாற்காலியில் மெரூன் கட்டம் போட்ட தலையணை இருந்தது.

என் கடை வெட்டுத்துணி எனக்குத் தெரியாதா? அதை எடுத்துப் புரட்டினேன். வாயில் ஒற்றை ஓட்டு, கருப்பு நூல். அக்கா விடுகிற மாதிரி முனையில் நூல் கொஞ்சம் நீட்டி விட்டிருந்தது. காதருகே வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை, வைத்தேன்.

"நல்லாருக்கேய்யா தலகாணி. எங்க வாங்குனீக?"

"எங்கிட்டும்மா வாங்க? ஐயா குப்பையில போடச் சொன்னாரு. கெட்டியா, மெத்துன்னு இருந்துச்சு. எனக்குத்தான் மூலம் இருக்கே, எடுத்துக்கிட்டேன்."

"எப்ப?"

"கனடாவுக்குப் பெட்டி போச்சுல்ல, அன்னைக்குத்தான். தங்கச்சிக்கு முறுக்கு டின்னு, அப்பளம், இம்புட்டு ஒசரத்துல பித்தளக் குத்துவெளக்கு. எடம் சும்மாதான கெடக்கு, எல்லாம் போகட்டும்னாரு. இது அடச்சுக்கிட்டு இருந்துச்சு. நான்தான் டேப்பு ஒட்டுனேன்."

அந்தப் பெரியவர் மேல் பாயாதீர்கள். அவர் எதையும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரியாது. அவருக்கு இதைவிட நல்ல தலையணை ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்துவிட்டேன்.

அதை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது நீங்கள் வெளியே வந்தீர்கள். என் கையில் இருந்ததைப் பார்த்தீர்கள். முதலில் வீட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

"சத்தம் போடாதம்மா. உள்ள கேக்கும்."

"கேக்கட்டுங்கய்யா."

"விளக்கும் எங்க அம்மாவோடதும்மா. அதுவும் தங்கச்சிக்குப் போகட்டும்னு நெனச்சேன். கெட்ட எண்ணத்துலயா வச்சேன்?"

"வச்சதச் சொல்லல. வச்சுட்டு அவ மேல எழுதுனீங்களே, அதச் சொல்றேன்."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். "தங்கச்சி வேற ஒண்ணுமே கேக்கலம்மா. அந்த மிஷின மட்டும்தான் கேட்டா. நான்தான் உடைச்சேன்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றீர்கள். பிறகு, "அந்தம்மாவ ஒரு நாள் வரச் சொல்லு. நேர்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். வெளிய வேணாம்" என்றீர்கள்.

எங்கே இருந்து வரச் சொல்வது? நானே அவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சந்து நிறைய ஆட்கள் நிற்கும்போது ஏமாற்றுக்காரி. மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டா? உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பெட்டியில் காலி இடம் கண்டால் முறுக்கு வைக்காமல் அனுப்ப நம் ஊரில் யாருக்குத்தான் மனசு வருகிறது? அதற்காக உங்களை யாரும் தூக்கில் போட மாட்டார்கள். உங்கள் தங்கை அழுவாள், திட்டுவாள், பிறகு அண்ணன்தானே என்று விடுவாள். அக்காவுக்கு அப்படி விடுவதற்கு யார் இருக்கிறார்கள்? அவளிடம் இருந்தது ஒரு பெயர். அவள் கட்டினால் ஆடாது என்கிற பெயர். அதைத்தான் எடுத்தீர்கள்.

நீங்கள் எழுதியது இன்றைக்குக் காலையில்கூட அங்கேயேதான் இருக்கிறது. அவள் குனிந்து நூல் அறுக்கிறாள். மடியில் தலையணை இருக்கிறது. கீழே, காலி இடம் விட்டாள் என்று உங்கள் எழுத்து இருக்கிறது. திருப்பூரிலோ வேறு எங்கோ வேலை கேட்டுப் போகிற இடத்தில், ஒருவன் அவள் பெயரைப் போனில் தட்டினால் முதலில் வருவது அதுதான்.

தலையணை இப்போது என் கடை ஸ்டூலில் இருக்கிறது. அவள் வந்து உட்காருகிற ஸ்டூல். உங்கள் அம்மாவின் மிஷின் கடைசியாகத் தைத்தது இந்த ஒரு ஓட்டுதான். உடைந்த மிஷினைவிட உங்கள் தங்கைக்கு இது பெரிதாக இருக்கும். அவளுக்கு நான் இதை அனுப்பத் தயார். அக்கா செய்கிற மாதிரியே கட்டி, ஆட்டிப் பார்த்து அனுப்புவேன். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும்.

எனக்குப் போன் செய்யாதீர்கள். கடைக்காரரிடம் ஆள் அனுப்பாதீர்கள். கதவைச் சாத்தாதீர்கள். எந்த இடத்தில் அக்காவின் படத்தைப் போட்டீர்களோ அந்த இடத்தில், அந்தப் படத்துக்குக் கீழே, உங்கள் பெயரில், உங்கள் தங்கையும் படிக்கும்படி எழுதுங்கள். அக்கா உங்களிடம் நீண்ட கேள்வி எதுவும் கேட்கவில்லை. இரண்டே வார்த்தைதான் கேட்டாள். எல்லாரும் பார்க்க அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.

தலகாணி எங்க?